முதல் இரண்டு நிமிடங்களில் விதைக்கப்படும் ஐயம்



மஃரிப் தொழுகைக்குப் பின் நடக்கும் மக்தப் வகுப்பில், சென்ற மாதம் ஒரு சிறுவனை எழுப்பி, யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சொந்தச் சொற்களில் சொல்லுமாறு கேட்டோம். அவன் எழுந்து நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அது ஓர் அமைதியான ஊர். அன்று என்ன நடக்கப்போகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது" என்று தொடங்கி, சட்டென நிறுத்திவிட்டான். மற்றப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக் காத்திருந்தனர். அடுத்த சொல்லைக் கேட்கும் ஆவல் நமக்கும் எழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

"இப்படிச் சொல்ல எங்கே கற்றாய்?" என்று கேட்டோம். "லீவு நாள்ல அத்தா போன்ல கேஸ் படம் பார்ப்பாங்க, ஹஜ்ரத். நானும் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பார்ப்பேன்" என்றான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நம் குடும்பங்கள் பலவற்றின் நாட்பொழுதை ஷிப்ட் பேருந்தே தீர்மானிக்கிறது. எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன் நின்றுவிட்டு வரும் மனிதன், உறக்கம் வரும்வரை எதையாவது பார்க்கிறான். அவ்வாறு பார்க்கப்படுபவற்றுள் குற்ற ஆவணப்படங்களுக்கு இன்று தனி இடம் உண்டு. அவற்றை ஹராம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றின் முதல் இரண்டு நிமிடங்கள் நம் உள்ளத்தில் என்ன செய்கின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

தொடக்கம் எவ்வாறு கட்டப்படுகிறது?

இத்தகைய படங்கள் சிலவற்றின் தொடக்கங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தால், அவற்றின் கட்டுமானம் ஏறக்குறைய ஒன்றே எனப் புலப்படும். முதலில் ஊர் உயரத்திலிருந்து காட்டப்படுகிறது. வயல், தெரு விளக்கு, உறங்கும் வீடுகள். பின்பு நாளும் நேரமும் எழுத்தாகத் தோன்றுகின்றன. காவல் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்பு ஒன்றின் பதற்றமான குரல் கேட்கிறது. இறந்தவரின் பழைய புகைப்படத்தை நோக்கிக் கேமரா மெல்ல நெருங்குகிறது. உறவினர் ஒருவர் பேசத் தொடங்குகிறார். முக்கியமான சொல்லுக்கு முன் அவர் பேச்சு வெட்டப்படுகிறது. அடியில் ஒரே சுரத்தில் இசை முனகிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகே படத்தின் பெயர் வருகிறது.

இவற்றில் எதுவும் தற்செயலானதன்று. திரையரங்கில் சீட்டு வாங்கி அமர்ந்தவர் எளிதில் எழுந்து போகமாட்டார். கைப்பேசியில் பார்ப்பவரோ ஒரு விரல் அசைவில் வேறு படத்துக்குத் தாவிவிடுவார். ஆகவே முதல் சில நிமிடங்களுக்குள் அவர் மனத்தில் ஒரு கேள்வியைக் கொக்கிபோல் மாட்டியாக வேண்டும். பாதி சொல்லப்பட்ட செய்தி, சொல்லாத செய்தியைவிட மனிதனை அதிகம் வருத்தும்.

ஆங்கிலத் திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்கும் தெரியாமல் அது வெடித்தால், கிடைப்பது சில நொடி அதிர்ச்சி மட்டுமே. குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், அவர்களின் சாதாரணப் பேச்சுகூட நம்மைப் பதற வைக்கும். அமைதியான ஊரை முதலில் காட்டுவதன் காரணம் இதுவே. வரப்போவதை நாம் அறிந்திருக்கிறோம். உறங்கும் அந்த ஊர் அறியாது.

நம் ஊரில் நடந்த கொலை

இதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. 1991 மே 21 அன்று இரவு ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். காவல் பணியில் நின்றவர்கள் உட்படப் பலர் அவருடன் மாண்டனர். படம் எடுக்க வந்திருந்த ஹரிபாபு என்ற புகைப்படக்காரரும் அவ்விடத்திலேயே இறந்தார். அவருடைய கேமரா மட்டும் சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த படச்சுருளைக் கழுவியபோது, கையில் மாலையுடன் காத்து நிற்கும் ஒரு பெண்ணின் உருவம் வெளிப்பட்டது. புலனாய்வு அங்கிருந்தே வழி கண்டது.

அந்தப் புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதைப் பார்க்கையில் நெஞ்சு ஏன் இறுகுகிறது? படத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிவதால்தான். ஹிட்ச்காக் கற்பனையாகச் சொன்ன மேசை, நம் ஊரில் உண்மையாகவே இருந்தது. இவ்வழக்கைப் பற்றி அனிருத்ய மித்ரா எழுதிய நூலைத் தழுவி, நாகேஷ் குக்குனூர் இயக்கிய 'தி ஹண்ட்' என்னும் தொடர் 2025 ஜூலையில் சோனி லிவ் தளத்தில் வெளியானது. அது நடிகர்கள் நடித்த தொடர், ஆவணப்படமன்று. ஆயினும் முடிவு தெரிந்த ஒரு கதையைக்கூட மக்களைத் திரை முன் அமரவைத்துச் சொல்ல இயலும் என்பதற்கு அது சான்று.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இவ்வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் நால்வரின் மரண தண்டனையை மட்டுமே உறுதி செய்தது. மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. எஞ்சிய 19 பேரும் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டனர். கொலை நடந்து அந்நாள்வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நீதிமன்றங்கள் எடைபோட்ட ஒன்றை, இரண்டு நிமிடத் தொடக்கம் ஒரு முகத்தின் மீது இசையை ஏற்றி நம் மனத்தில் தீர்ப்பாகவே பதித்துவிட முடியும். இந்த ஆற்றலைத்தான் நாம் அஞ்சுகிறோம்.

கடனை அடைக்கும் கதைகள்

எல்லாப் படங்களும் அப்படியல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1988இல் எரோல் மோரிஸ் என்ற அமெரிக்கர் 'தி தின் ப்ளூ லைன்' என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டார். டல்லஸ் நகரில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு அது. அதன் தொடக்கத்தில் இரண்டு மனிதர்கள், தாம் அந்நகருக்கு வந்த கதையை மாறி மாறிச் சொல்கின்றனர். அவர்களுள் ராண்டல் ஆடம்ஸ் கொலைக் குற்றவாளி எனத் தண்டிக்கப்பட்டவர். மற்றவரோ அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். யாரை நம்புவது என்று தொடக்கம் நமக்குச் சொல்வதில்லை. நம் அவசரத்தை நிறுத்தி, இருவரையும் கேட்க வைக்கிறது. அப்படம் எழுப்பிய கேள்விகளின் விளைவாக வழக்கு மீண்டும் ஆராயப்பட்டு, ஆடம்ஸ் 1989இல் விடுதலையானார். ஆகவே ஆவலைத் தூண்டுவது குற்றமன்று. தூண்டிய ஆவலைக் கொண்டு நம்மை எங்கே அழைத்துச் செல்கிறார்கள் என்பதே கேள்வி.

நம் மாணவன் சொல்லத் தொடங்கிய வரலாற்றையே எண்ணிப் பாருங்கள். சூரா யூஸுஃபும் ஒரு புதிரோடுதான் தொடங்குகிறது. சிறுவர் ஒருவர் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்கிறார். அதைச் சகோதரர்களிடம் சொல்லிவிடாதே என்று தந்தை எச்சரிக்கிறார். கேட்பவர் உள்ளத்தில் அச்சம் புகுந்துவிடுகிறது. ஆயினும் குற்றம் செய்தவர் யார் என்று ஊகிக்கும் வேலை நமக்குத் தரப்படவில்லை. சகோதரர்கள் திட்டமிடுவதை நாம் நேரடியாகவே கேட்கிறோம். பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கண்டு தந்தை ஏமாறவில்லை. பின்னொரு நாள் யூஸுஃப் நபி மீது பழி விழுந்தபோதும், சட்டை முன்புறம் கிழிந்ததா பின்புறம் கிழிந்ததா என்று பார்த்த பிறகே உண்மை முடிவாகிறது. தொடக்கத்தில் வந்த கனவின் பொருள் இறுதிப் பகுதியில் வெளிப்படுகிறது. குற்றம் செய்த சகோதரர்களுக்கும் அங்கே மன்னிப்பு உண்டு. தொடக்கத்தில் நம்மிடம் வாங்கிய கடனை முடிவில் முழுமையாக அடைத்துவிடும் வரலாறு அது.

முடிவு வெட்டப்பட்டால்

கடன் அடைக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை 2018இல் இந்நாடு கண்டது. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக ஒரு குறும்படம் எடுக்கப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வர். பின்பு அவர்களே திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் ஒன்றைக் காட்டுவர். யாரோ அந்த முடிவை வெட்டி எறிந்துவிட்டுத் தொடக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் பரப்பினர். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வதந்திக்கு அது சாட்சியாயிற்று.

இத்தகைய வதந்திகள் தமிழகத்தையும் விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தது. அதைக் கண்டு ஐயுற்ற கூட்டம் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். 2023 மார்ச்சில் கதை தலைகீழாகத் திரும்பியது. தமிழகத்தில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவ, அத்தொழிலாளர்கள் அஞ்சினர். அவர்கள் நம் தெருக்களில் வாடகைக்கு இருப்பவர்கள். நம் மக்களோடு ஒரே பேருந்தில் வேலைக்குச் செல்பவர்கள்.

நம் தெருவில் நடந்தது

இனி நாம் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. சில மாதங்களுக்கு முன், மதரஸா வாசலுக்கு எதிரே மாலை வேளைகளில் ஒரு வட மாநில இளைஞர் அமர்ந்திருப்பது வழக்கமாயிற்று. நம் மாணவர் இருவர் மாடியிலிருந்து அவரைக் கைப்பேசியில் படம் பிடித்தனர். முனகும் இசையைச் சேர்த்தனர். "தினமும் இதே நேரம். யார் இவர்?" என்று எழுதிக் குடும்பக் குழுவில் இட்டனர். பார்த்தவர்கள் அடுத்தடுத்த குழுக்களுக்கு அனுப்பினர். நமக்கும் அது வந்தது. நாமும் பார்த்தோம். ஒரு கணம் நம் உள்ளமும் அவரை ஐயுற்றது. இஷாவுக்குள் நான்கைந்து ஆண்கள் வாசலில் திரண்டுவிட்டனர்.

ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அவரருகே அமர்ந்து, தெரிந்த அரைகுறை உருதுவில் பேசினார். அறைச் சாவி உடன் தங்குபவரிடம் இருக்கிறது; அவர் பேருந்து வர முக்கால் மணி நேரமாகும்; இங்கே தெரு விளக்கு இருப்பதால் அமர்ந்திருக்கிறேன் என்றார் அந்த இளைஞர். அவ்வளவுதான் செய்தி. காணொளியில் பொய்யான காட்சி ஒன்றுமே இல்லை. ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். இசையும் கேள்வியும் அவரைக் குற்றவாளியாக்கின. மறுநாள் முதல் அவர் அங்கே அமர்வதில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள்.

அந்தச் சிறுவர்கள் தீயவர்களல்லர். எங்கே நிறுத்துவது, எதை மறைப்பது, எந்த இசையைச் சேர்ப்பது என்பதையெல்லாம் அவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். அருகில் சென்று விசாரிப்பதை மட்டும் யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. கற்பித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

பெற்றோர்க்கு

அதிகமான ஊகங்களைத் தவிர்க்குமாறும், துருவித் துருவி ஆராய வேண்டாமென்றும், வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறும் சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. இதைப் பிள்ளைகள் மனனம் செய்துள்ளனர். கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது அது நினைவுக்கு வர வேண்டும்.

தடை போடுவது எளிது. ஆனால் போர்வைக்குள் பார்ப்பதை எந்தத் தடையும் தடுக்காது. ஆகவே வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் ஒருமுறை உடனமர்ந்து பார்க்கட்டும். படத்தின் பெயர் தோன்றியதும் நிறுத்திவிட்டு மூன்று கேள்விகள் கேட்கட்டும். இதுவரை நமக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? இசையை அணைத்துவிட்டுப் பார்த்தால் இதே ஐயம் எழுமா? யாருடைய குரலை இன்னும் நாம் கேட்கவில்லை? பத்து வயதுப் பிள்ளைகூட இவற்றுக்கு அழகாக விடை சொல்லும். நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். கொல்லப்பட்டவரின் அம்மா இன்னும் பேசவேயில்லை என்று ஒரு சிறுமி சொன்னாள். பெரியவர்களாகிய நமக்கு அது தோன்றவில்லை.

குழுக்களில் வரும் காணொளிகளுக்கும் இவையே கேள்விகள். முடிவு தெரியாத எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்பதை வீட்டின் வழக்கமாக்கிக்கொள்வோம். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை அல்லவா?

அந்தச் சிறுவனுக்கு அடுத்த வாரமும் வாய்ப்புக் கொடுத்தோம். இம்முறையும் குரலைத் தாழ்த்தியே தொடங்கினான், நாம் தடுக்கவில்லை. ஆனால் கிணற்றோடு நிறுத்தாமல், சகோதரர்கள் மன்னிக்கப்படும் இடம்வரை சொல்லி முடித்த பிறகே அமர்ந்தான். நம் நாவையும் கண்களையும் கைவிரல்களையும் வல்ல இறைவன் பாதுகாப்பானாக. ஆமீன்.