குலுங்கும் ஜீப்பும் குறைந்த செலவும்

கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை வழியாகக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைக்குச் செல்லும் வீதியில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். உழவு இயந்திரத்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடையில், இரண்டையும் போல உழைத்துக்கொண்டு, பழைய சிறிய ஜீப் வண்டிகள் சில ஓடுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சுசுக்கி இனத்தைச் சேர்ந்தவை. வைகறையில் வட்டைக்கு விதைநெல்லும் உரமும் கொண்டு செல்வதும், காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், நள்ளிரவில் நோயாளியைக் கல்முனை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அந்த ஒரே வண்டிதான். வீட்டில் ஓர் ஆள் குறைந்தாற்கூட வேலை நடக்கும்; வண்டி படுத்துவிட்டால் நடவாது.

இத்தகைய வண்டிகளைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. “வண்டி ஓடுகிறது, ஆனால் ஏறியிருக்க முடியவில்லை” என்பதே அது. முதுகு நோவுள்ள உம்மம்மா ஏற மறுக்கிறார். பிள்ளைத்தாய்ச்சி மகளை ஏற்றிச் செல்ல வாப்பா அஞ்சுகிறார். கரவாகு வட்டையின் வரம்போரப் பாதையில் ஒரு குழியில் விழுந்த வண்டி அடுத்த குழி வரும்வரை ஆடிக்கொண்டே செல்கிறது. இதற்குப் பாதையைக் குறை கூறுவோர் பலர். பாதை மீதும் குறையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் பழைய வண்டிகளிற் பெரும்பாலும் குற்றம் வேறிடத்திலிருக்கிறது. அதுதான் சொக் அப்சோபர் எனப்படும் உறுப்பு.

அந்த உறுப்பின் தொழில் யாது? வண்டியின் பாரத்தைச் சுமப்பது அதுவே என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழையான எண்ணம். பாரத்தைச் சுமப்பது ஸ்பிறிங். குழியில் விழும்போது ஸ்பிறிங் அமுங்குகிறது. அமுங்கியது மீண்டும் எழுகிறது. எழுந்தது மறுபடி அமுங்குகிறது. ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டால் தானாக ஓய நெடுநேரம் செல்லும். அதே ஊஞ்சலைக் குளத்து நீருக்குள் ஆட்டினால் இரண்டாவது ஆட்டத்திலேயே ஓய்ந்துவிடும். நீர் ஊஞ்சலுக்குச் செய்வதை எண்ணெய் ஸ்பிறிங்கிற்குச் செய்கிறது. குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் முசலம், முசலத்தில் நுண்ணிய துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் வால்வுகளும். முசலம் அசையும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே பிதுங்கிச் செல்ல வேண்டியிருப்பதால் அசைவின் வேகம் தணிகிறது. அசைவின் சக்தி வெப்பமாக மாறிக் குழாயின் சுவர் வழியே வெளியேறுகிறது. பௌதிகவியல் பயிலும் மாணவர்கள் அலைவுகள் பற்றிய பாடத்தில் வரைபடமாகக் காண்பதை ஜீப்பின் அடியிற் குனிந்து நேரிற் காணலாம்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் எண்ணெய் இல்லை. பிரான்சு தேசத்துத் திரஃபோ என்பவர் அமைத்து, அமெரிக்கரான ஹார்ட்ஃபோர்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியில், வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்தே ஆட்டத்தை அடக்கின. குழாய் வடிவில் எண்ணெய் நிரம்பியவை பின்னரே பரவின. இதனை இங்கே சொல்வதற்குக் காரணமுண்டு. நம் பழைய ஜீப்புகளின் பட்டை ஸ்பிறிங்குகளில் அந்தப் பழைய உராய்வு இன்னும் உயிரோடிருக்கிறது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து தாமே சிறிது ஆட்டத்தை அடக்குகின்றன. ஆகவே சொக் அப்சோபர் செத்துப்போன பிறகும் வண்டி ஒருவாறு ஓடுகிறது, உடையவரும் கவனியாதிருக்கிறார். கவனிக்க வேண்டியது சுகம் ஒன்றுக்காக மட்டுமன்று. சில்லு தரையை விட்டுத் துள்ளும் ஒவ்வொரு கணமும் பிரேக்கும் பயனற்றது; ஸ்டியரிங்கும் பயனற்றது. குண்டும் குழியுமான பாதையில் திடீரென ஓர் ஆடோ பிள்ளையோ குறுக்கிட்டால், நல்ல பிரேக் பூட்டிய வண்டியும் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது.

சுசுக்கி நிறுவனத்தின் எஸ்.ஜே. 410 என்னும் ஜீப் 1981 இல் வெளிவந்தது. அதன் முன், பின் சில்லுகளுக்கிடையிலான தூரம் 2030 மில்லிமீற்றர் மாத்திரமே. இவ்வளவு குட்டையான வண்டியில் முன்சில்லு மேட்டிலேறி இறங்குவதற்குள் பின்சில்லு அதே மேட்டிற்கு வந்துவிடுவதால், வண்டி குதிரைபோல் முன்னும் பின்னும் தலையாட்டும். இந்தியாவில் 1985 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியான மாருதி ஜிப்சி அதே குடும்பத்தது; 2375 மில்லிமீற்றர் தூரம் கொண்டது; ஆகையால் சற்றே அமைதியானது. நம் நாட்டில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் 2022 இன் நாணய வீழ்ச்சியும் வந்து சேர்ந்தது. பழைய வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியில்லை என்ற பாடத்தைக் குடும்பங்கள் அப்போதுதான் நன்கு கற்றன.

இனிச் செலவுக்கு வருவோம். விலையை இங்கே எழுதப்போவதில்லை. இன்றைய விலை அடுத்த போகத்துக்கு நில்லாது. ஆனால் பணத்தை எங்கே முதலில் இடுவது என்று சொல்லலாம். முதலாவது செலவு, செலவேயில்லாத செலவு: சோதனை.

வண்டியின் மூலையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்து, எத்தனை முறை ஆடுகிறதென எண்ணும் வழக்கம் கார்களுக்குப் பொருந்தும். பட்டை ஸ்பிறிங் ஜீப்புக்கு அது போதாது. இருவர் ஏறிக் குதித்தாலும் அது அசையாது நிற்கலாம். அதனினும் நல்ல சோதனை ஒன்றுண்டு. கரடுமுரடான பாதையில் ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சொக் அப்சோபர்களையும் புறங்கையாற் பதமாகத் தொட்டுப் பாருங்கள். உழைத்தது சூடாக இருக்கும். மூன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால் அந்தக் குளிர்ந்தது வேலை செய்யவில்லை. (புகைக்குழாயைத் தொட்டுவிடாதீர்கள், அது எப்போதும் உழைக்கும்.) குழாயின் மேல் இலேசான எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பது குற்றமன்று. எண்ணெய் வழிந்து துளித்தால் முத்திரை வளையம் போய்விட்டது. டயரைச் சுற்றிக் கைவிரலை ஓட்டும்போது கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

ஆனால் இத்தனைக்கும் முன்பு இறப்பர் புஷ்களைப் பாருங்கள். “கடகட” என்னும் ஓசையிற் பாதி அங்கிருந்தே வருகிறது. கண்ணும் கையும் நல்ல ஒரு கராஜ்காரர், புதுச் சோடி வாங்கப் பணத்தோடு வந்த இளைஞரிடம், “தம்பி, சொக்கு நல்லாத்தான் இருக்கு, புஷ்ஷ மட்டும் மாத்துங்க, மிச்சக் காசுக்கு உரம் வாங்குங்க” என்று சொல்லி அனுப்பியதை நாம் அறிவோம். அத்தகையவரை விட்டு வேறு கராஜ் தேடுவது பேதைமை. டயரிற் காற்று மிகையாக அடைத்திருப்பதும், ஸ்பிறிங் பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று இறுகியிருப்பதும் குலுக்கத்துக்குக் காரணமாகலாம். அவற்றைச் சீர்செய்ய ஆகும் செலவு சொற்பம்.

மாற்றுவதென்று தீர்ந்தால், ஒன்றை மட்டும் மாற்றலாகாது. ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வலப்பக்கம் புதிதும் இடப்பக்கம் பழையதுமாயின் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்குக்கும் பணமில்லையாயின், எந்த அச்சு மோசமோ அந்த அச்சின் சோடியை இந்தப் போகத்திலும், மற்றதை அடுத்த போகத்திலும் மாற்றுவதில் இழுக்கில்லை.

எதை வாங்குவது? கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளிற் கிடைக்காத உதிரிப்பாகம் அரிது. அங்கே ஏமாறாமல் வருவது அதனினும் அரிது. பழையதைக் கழற்றி, துடைத்து, புதுச் சாயம் பூசி வைத்திருப்பதைக் கண்டால், சாயத்தைப் பாராமல் உருக்குத் தண்டைப் பாருங்கள். அதில் துருப்புள்ளியோ கீறலோ இருந்தால், எத்தனை புதிய முத்திரை இட்டாலும் அத்தண்டே அதனை அறுத்துவிடும். எண்ணெய் மாற்றிப் புதுப்பித்துத் தருவோரிடம் கொடுப்பதற்கும் இதுவே விதி: தண்டு மாசற்றதாயிருந்தால் பயனுண்டு, இன்றேல் சில மாதப் பிழைப்பே. வாயு அடைத்த வகையை அறுப்பதும், துளையிடுவதும், தீயிற் காட்டுவதும் கூடவே கூடாது, வெடிக்கும்.

கடைக்காரர் “ஹெவி டியூட்டி” என்று புகழ்ந்து தருவதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஏறத்தாழ 900 கிலோ எடையுள்ள சிறு வண்டிக்கு, ஏற்கனவே விறைத்த பட்டை ஸ்பிறிங்கோடு, விறைத்த சொக் அப்சோபரையும் பூட்டினால் உம்மம்மா மறுபடியும் ஏறமாட்டார். வட்டைப் பாதையில் மெதுவாகச் செல்லும் வண்டிக்குச் சாதாரண எண்ணெய் வகை போதும். அதுவே விலையிற் குறைந்ததுமாகும்.

அளவில் மட்டும் சிக்கனம் கூடாது. “இதுவும் பொருந்தும்” என்ற வாய்மொழியை நம்பாமல் நாடாவால் அளக்க வேண்டும். வண்டி வழக்கமான பாரத்தோடு நிற்கையில் மேற்பூட்டுக்கும் கீழ்ப்பூட்டுக்கும் இடையே 400 மில்லிமீற்றர் என வைத்துக்கொள்வோம். அச்சுக்கும் அதன் மேலுள்ள தடுப்பு இறப்பருக்கும் இடைவெளி 75; அந்த இறப்பர் நசுங்குவது ஒரு 20. ஆகவே அச்சு 95 மில்லிமீற்றர் வரை மேலெழலாம். பூட்டுகளிடைத் தூரம் 305 ஆகக் குறையலாம். புதிய சொக் அப்சோபர் முழுதும் அமுங்கிய நிலையில் இதனினும் சற்றுக் குட்டையாயிருத்தல் வேண்டும். நீண்டிருந்தால் தடுப்பு இறப்பருக்கு முன்பே அது முட்டி, தான் நெரியும். அல்லது பூட்டை முறிக்கும். அவ்வாறே சட்டத்தை உயர்த்தி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்தி, அச்சைத் தொங்கவிட்டும் அளக்க வேண்டும். நீட்டிய நிலையில் அந்த அளவை எட்டாதது சங்கிலிபோல் இழுபட்டு அறுந்துவிடும். எஸ்.ஜே. வண்டிக்கு ஜிப்சியின் உதிரியை வாங்குவோரும் இந்த அளவை எடுத்தே வாங்குக.

பூட்டும் வேலை கடினமானதன்று, துருவே கடினமானது. கடற்காற்றும் வயற்சேறும் சேர்ந்து சுரைகளைப் பற்றவைத்தது போலாக்கியிருக்கும். முதல்நாள் மாலையிலேயே கம்பித் தூரிகையாற் சுரண்டி, துருநீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். பட்டை ஸ்பிறிங் வண்டியில் சில்லைக் கழற்றவோ வண்டியை உயர்த்தவோ பெரும்பாலும் தேவையில்லை. தரையில் நின்றபடியே, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து வேலையை முடிக்கலாம். 1998 க்குப் பின் வந்த ஜிம்னி போன்ற சுருள் ஸ்பிறிங் வண்டிகளில் அப்படியன்று. சொக்கை அவிழ்க்கும்போது அச்சு கீழிறங்கும், ஆதலால் அச்சுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். உயர்த்த நேர்ந்தால், வீடு கட்டும் சீமெந்துக் கற்களை முட்டாக வைக்காதீர்கள். அவை சொல்லாமற் கொள்ளாமல் நொறுங்குபவை. ஜக் ஒன்றை மட்டும் நம்பி அடியிற் படுப்பதும் அவ்வாறே.

புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பூட்டிவிடாதீர்கள். படுக்கையாக வைத்திருந்த இரட்டைக்குழாய் வகையில் உட்குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுதும் இழுத்து அமுக்குங்கள். முதலில் தளர்ந்து, பின் சீரான எதிர்ப்பு கையிற் படும். இதைச் செய்யாத சிலர், புதுச் சாமானே பழுதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருக்கின்றனர். தண்டும் இறப்பர் வளையமுமாக உள்ள முனையில், இறப்பர் வாஷரின் அகலத்துக்குப் பிதுங்கும் வரை இறுக்கினாற் போதும். அதற்கு மேல் இறுக்கினால் இறப்பர் கிழியும். வளையக்கண் உள்ள முனையின் ஆணியை, வண்டி தன் சில்லுகளில் இயல்பாக நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். இறப்பருக்குக் கிறீஸ் பூசாதீர்கள்; அது ஊதி அழியும். கழற்றிய பழையதன் எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவாரும் உளர். அந்த வாய்க்கால்நீர் யாருடைய வயலுக்குப் போகிறது என்பதை அவர்கள் அறியாதவரல்லர்.

வண்டி திடமானதும் ஓட்டுபவர்க்குத் துணிவு வரும். மாரிகாலத்தில் கிட்டங்கியில் நீர் மேவி ஓடும்போது அத்துணிவு ஆகாது. 2024 நவம்பர் 26 இல், இதே மாவட்டத்தின் மாவடிப்பள்ளித் தாம்போதியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்து இளம் உயிர்கள் பல பறிபோயின. ஜீப்பை விடப் பெரிய சில்லுடைய இயந்திரம் அது. ஓடும் நீரில் வண்டி மிதக்கத் தொடங்கினால் அடியிலுள்ள எந்த உறுப்பும் உதவாது. நீர் வடிந்த பின் சேற்றுப் பாதையில் ஓடித் திரும்பினால், சொக் அப்சோபரின் தண்டில் ஒட்டிய சேற்றை அன்றே நல்ல நீராற் கழுவிவிடுங்கள். காய்ந்த மணல் முத்திரையை அரம்போல் அராவும்.

பூட்டி ஒரு கிழமை ஓடிய பின்னர், ஸ்பானரை எடுத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை அடியிற் குனிந்து எல்லாச் சுரைகளையும் இறுக்கிப் பாருங்கள். புதிய இறப்பர் படிந்து அமர்ந்ததும் சுரை சிறிது தளர்ந்திருக்கும்.