பீடியைக் கேட்கிறார்கள், வேலையைக் கேட்பதில்லை

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அதே பெயர்தான். அந்த முத்துநகரின் துறைமுகத்தில் சிந்திய நிலக்கரியைக் கூட்டி அள்ளுகிறவர்கள், உப்பு அரைக்கும் கொட்டகையில் மூட்டை பிடிக்கிறவர்கள், குப்பைக் கிடங்குப் புகைக்குள் நின்று வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வருடக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இருமலுக்கு மட்டும் யாரும் பெயர் வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

பெயர் வைக்காமல் விடுவது தற்செயலாக நடக்கிற ஒன்று அல்ல என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

எங்கள் தெருக்களில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறோம். நாற்பத்தைந்து வயதுக்காரர் நாலு படி ஏறினால் இளைக்கிறார். மருத்துவமனைக்குப் போகிறார். முதல் கேள்வி, ‘பீடி குடிப்பியா?’ ஆமாம் என்றால் விசாரணை அங்கேயே முடிந்தது. தப்பு அவருடையது ஆகிவிடுகிறது. இல்லை என்றால் சளியை எடுத்து டிபி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டிபி இல்லை என்று வந்தால் ஐந்து நாள் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பெண்ணாக இருந்தால் ‘ஒவ்வாமை’, ‘ரத்தம் கம்மி’ என்று முடித்துவிடுகிறார்கள். இளைப்பு அதிகமானால் தனியார் கிளினிக்கில் ஒரு ஊசி. ஒரு வாரம் அடங்கும். பிறகு மறுபடியும் வேலை, மறுபடியும் தூசி, மறுபடியும் ஊசி. ‘நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், எத்தனை வருடமாக?’ என்ற கேள்வி ஓ.பி. சீட்டில் எந்த இடத்திலும் இல்லை.

இந்த நோய்க்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சி.ஓ.பி.டி. தூசியும் புகையும் வருடக்கணக்கில் உள்ளே போய் மூச்சுக்குழாய்களைத் தடிக்க வைத்து, காற்றுப் பைகளைச் சிதைத்துவிடும். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. ஆஸ்துமா வந்து வந்து போகும். இது போகாது, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். அடுத்தடுத்து இரண்டு வருடம், வருடத்துக்கு மூன்று மாதம் சளியோடு இருமல் இருந்தாலே கவனிக்க வேண்டும். முன்பு பார்த்த வேலையை இப்போது பார்க்க முடியாமல் நின்று நின்று மூச்சு வாங்கினால் உடனே கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் பலம் கொண்ட மட்டும் ஊதச் சொல்வார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளிவந்தது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சில நிமிட வேலை. ரத்தம் எடுக்க வேண்டாம், கத்தி வேண்டாம். இவ்வளவு எளிய சோதனைக்காகத்தான் எங்கள் ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊர் ஊராக அலைகிறார்கள்.

பீடிதான் காரணம் என்ற கதையைக் கணக்கே உடைக்கிறது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த இந்திய ஆய்வின்படி 2016-ல் இந்நாட்டில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. நோய்ச் சுமையில் காற்று மாசின் பங்கு 53.7 சதவீதம், புகையிலையின் பங்கு 25.4, வேலையிடத் தூசி, புகையின் பங்கு 16.5. விறகடுப்புப் புகையும் காற்று மாசில்தான் சேரும். நிலக்கரி எங்கே கொட்டப்படுகிறது, அடுப்பு எங்கே புகைகிறது, குப்பை எங்கே எரிகிறது என்று பாருங்கள். அங்கெல்லாம் யாருடைய குடியிருப்பு இருக்கிறது என்றும் பாருங்கள். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே விளக்கினார். அந்த அடுக்கில் கீழே இருப்பவனுக்குத் தூசி. மேலே இருப்பவனுக்கு லாபம்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ல் ஓடத் தொடங்கியது. பிறகு ஐந்து அலகுகள், 1050 மெகாவாட். 2015-ல் என்.டி.பி.எல். நிலையத்தின் 1000 மெகாவாட் சேர்ந்தது. இத்தனை ஆண்டு கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்கியிருக்கிறது. எத்தனை டன் என்பதற்குத் துறைமுகத்தில் கணக்கு உண்டு. அதை இறக்கிய, அள்ளிய ஒப்பந்தக் கூலிகளின் நுரையீரலுக்குக் கணக்கு எங்கே?

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் பார்த்துவிட்டது. 2013 மார்ச் 23 அன்று காலையில் தொண்டை எரிந்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 2-ல் ஸ்டெர்லைட் நிறுவனம் சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பணத்தின் வட்டி ஆலையைச் சுற்றியுள்ள நீரையும் மண்ணையும் சீர்செய்வதற்கு என்றது. மூச்சுத் திணறும் மனிதருக்கென்று அதில் ஒரு வரி இல்லை. 2018 மே 22-ல் காற்றைக் கேட்டுப் போனவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. 13 உயிர்கள் போயின.

பெயர் எழுதப்பட்ட இடங்களில் நடந்தது வேறு. ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதி ஆதிவாசிகள் குஜராத்தின் கோத்ரா பக்கம் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து சிலிகோசிஸ் நோயில் செத்தார்கள். சிலிகோசிஸ் என்று பதிவானதால்தான் 238 குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் தரும்படி 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜஸ்தானில் 2019 முதல் தூசி நோய்க்கெனத் தனிக் கொள்கை இருக்கிறது. நோய் சான்றளிக்கப்பட்டால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நாள்பட்ட மார்புச்சளி நோயை 1993-ல் தொழில்நோய் என்று ஏற்றார்கள். 1998-ல் நீதிமன்றம் சுரங்க நிர்வாகமே பொறுப்பு என்றது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. அங்கும் பலர் சிகரெட் பிடித்தவர்கள்தான். அதற்கான பங்கைக் கழித்தார்களே தவிர, மொத்தத்தையும் மறுக்கவில்லை.

நோயாளியிடம் ‘என்ன வேலை?’ என்று கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-ல் புத்தகமே எழுதினார். முந்நூறு வருடம் கழித்தும் அந்த ஒரு கேள்வி தூத்துக்குடி வந்து சேரவில்லை. மருத்துவர்கள் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கிறவருக்கு நேரம் இல்லைதான். கேள்வியைச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டால் நேரம் ஆகாதே? அச்சடித்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதினால் நிறுவனம் பொறுப்பாகும். தயக்கம் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் கேட்பது இவைதான்:

1. ஒவ்வொரு ஓ.பி. சீட்டிலும் என்ன வேலை, எத்தனை வருடம், வீட்டில் என்ன அடுப்பு என்பதைப் பதிவு செய்.

2. துறைமுகம், உப்பளம், அனல்மின் நிலையம் சுற்றியுள்ள எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஸ்பைரோமெட்ரி கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வை. இன்ஹேலரைத் தடையின்றிக் கொடு.

3. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வீட்டுக்கு வருகிறது. அதே ஆட்கள் மூச்சையும் கேட்கட்டும்.

4. ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் சோதனை செய்து, அறிக்கையின் நகலைத் தொழிலாளி கையில் கொடு.

5. ராஜஸ்தானைப் போலத் தூசி நோய்க்குச் சான்றும் இழப்பீடும் தரும் கொள்கையைத் தமிழ்நாடும் கொண்டு வா. அதில் சி.ஓ.பி.டி.யையும் சேர்.

தோழர்களே, அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நீங்களே சொல்லுங்கள்: ‘இத்தனை வருடம் கரி அள்ளினேன், அதைச் சீட்டில் எழுதுங்கள்.’ ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘பீடி குடிப்பியா?’ என்று ஒருமையில் கேட்டால், ‘நீங்கள் குடிப்பீர்களா என்று கேளுங்கள்’ என்று திருத்துங்கள். சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் சேர்த்து வையுங்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் நமக்காகப் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.