ஆப்ஜெக்ட்டா, ஃபங்ஷனா? உண்மையான சண்டை அதுவே இல்லை!

பெரிய சாஃப்ட்வேர் புராஜெக்ட் ஒன்று தொடங்கும் முன், டீமுக்குள் ஒரு வாக்குவாதம் வந்துவிடும். 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்தான் சேஃப்' என்பார் சீனியர். 'அதெல்லாம் பழசு, ஃபங்ஷனலுக்குப் போவோம்' என்பார் ஜூனியர். முதலில் ஒரு திருத்தம்: ஃபங்ஷனல் ஒன்றும் புதுசு இல்லை. அதன் முன்னோடியான லிஸ்ப் 1958-லேயே பிறந்துவிட்டது. கிளாஸ், ஆப்ஜெக்ட்டைக் கொண்டுவந்த நார்வேயின் சிமுலா 67, அதற்குப் பிறகுதான் வந்தது.

என்ன வித்தியாசம்?

ஒரு வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆப்ஜெக்ட் முறையில் கணக்கு ஒரு பெட்டி. பேலன்ஸும் உள்ளே, அதை மாற்றும் வழிகளும் உள்ளே. பணம் எடுத்தால் பெட்டிக்குள் இருக்கும் எண்ணே மாறும். ஃபங்ஷனல் முறையில் பழைய எண்ணை யாரும் தொடுவதில்லை. பழைய பேலன்ஸும் எடுக்கும் தொகையும் உள்ளே போகும். புதிய பேலன்ஸ் வெளியே வரும்.

எங்கே இடிக்கிறது?

கணக்கில் ரூ.1,000 இருக்கிறது. ஏடிஎம்மில் ரூ.800 எடுக்கும் அதே நொடியில், யுபிஐ-யிலும் ரூ.800 போகிறது. இரண்டுமே 'ஆயிரம் இருக்கு' என்று பார்த்துவிட்டால் என்ன ஆகும்? ரூ.1,600 வெளியேறிவிடும்! நூறு இடங்களிலிருந்து ஒரே எண்ணை மாற்ற முடியும் என்றால், தவறு எங்கே நடந்தது என்று தேடுவதே பெரும்பாடு. மாறாத டேட்டாவை வைத்து எழுதினால், தேட வேண்டிய இடம் குறையும்.

அதற்காக ஃபங்ஷனல் ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. கடைசியில் புதிய பேலன்ஸை டேட்டாபேஸில் எழுதித்தானே ஆக வேண்டும்? அந்த இடத்தில் பூட்டு போன்ற ஏதாவது ஒரு பாதுகாப்பு கட்டாயம்.

அப்போ வாட்ஸ்அப்?

ஃபங்ஷனல் ரசிகர்கள் காட்டும் உதாரணம் இது. 2014-ல் ஃபேஸ்புக் வாங்க முன்வந்தபோது, வாட்ஸ்அப்புக்கு 45 கோடி பயனர்கள். சர்வர் ஓடியது எர்லாங் என்ற ஃபங்ஷனல் மொழியில். ஆனால், எர்லாங்கின் பலம் ஃபங்ஷன் மட்டும் இல்லை. ஒன்றின் மெமரியை இன்னொன்று தொடாத குட்டிக்குட்டி புராசஸ்கள், மெசேஜ் மூலமே பேசிக்கொள்கின்றன. 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்று பெயர் வைத்த ஆலன் கே முக்கியம் என்று சொன்னதும் இந்த மெசேஜைத்தான்!

மறுபக்கம், ஆப்ஜெக்ட் கோட்டையான ஜாவாவே 2014-ல் லாம்ப்டாவையும், 2021-ல் மதிப்பு மாறாத டேட்டாவுக்கான ரெக்கார்டையும் சேர்த்துக்கொண்டது. இரு தரப்பும் நடுவில் வந்து நிற்கின்றன.

எனவே வட்டி, வரி, தள்ளுபடி போன்ற கணக்குகளை ஃபங்ஷனாக எழுதலாம். டேட்டாபேஸ், பேமென்ட் போன்ற வெளித்தொடர்புகளைச் சில ஆப்ஜெக்ட்களிடம் விடலாம். மொழியைத் தேர்வு செய்யும் முன் டீம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இந்த டேட்டாவை யார் யார் மாற்றலாம்?' இதற்கு இன்று பதில் இல்லையென்றால், மூன்று வருடம் கழித்து நடுராத்திரியில் போன் வரும். அப்போது எடுத்துப் பேசப்போவது, இந்தச் சண்டையில் இல்லாத, புதிதாகச் சேர்ந்த ஒரு டெவலப்பராக இருப்பார்.