கேட்டுட்டு எடு

"பொதுவுலதானே எழுதினே, எடுத்தா என்ன?" என்கிறார்கள். எங்க ஊர்ப் பொதுக் கிணத்துல எங்கம்மா வாளி விட்டதில்ல. எங்க பேச்சு மட்டும் எல்லாருக்கும் பொதுவாம்.

ட்விட்டர் சாதி பார்க்கிறது என்று 2019 நவம்பரில் சண்டை போட்டு நம்மாட்கள் பலர் மாஸ்டடானுக்குப் போனபோது நானும் போனேன். அங்கே நான் எழுதியதை, என்னைக் கேட்காமலே, ஒருவர் தானியங்கி வைத்து வேறொரு தளத்தில் என் பெயரிலேயே நகலெடுத்துக் கொண்டிருந்தார். நான் தடுத்து வைத்தவனெல்லாம் அந்த நகலுக்குக் கீழே வந்து சாதியைச் சொல்லித் திட்டியிருக்கிறான். தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். மூலத்தை அழித்தேன். நகல் அழியவில்லை.

மாஸ்டடானையும் ப்ளூஸ்கையையும் இணைக்க 2024 பிப்ரவரியில் பேசப்பட்ட பிரிட்ஜி ஃபெட் திட்டமும், 'வேண்டாம்' என்று சொல்லாதவர் எல்லாரையும் சேர்த்துக்கொள்வதாகத்தான் முதலில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், விரும்பிச் சேர்பவருக்கு மட்டும் என்று மாற்றினார் அதை உருவாக்கிய ரயன் பேரட். ஆக, கேட்க முடியும். கேட்க மனசில்ல, அவ்வளவுதான்.

"பரவினா உங்க கருத்துக்குத்தானே நல்லது" என்றார் ஒரு முற்போக்கு நண்பர். (நம்ம கவிதைகளைச் சொல்லாமலே தொகுப்பில் போட்டவரும் இவர்தான்.) பரவட்டும் தோழர். பதில் சொல்ல நான் அங்க இருக்கேனா? வசவு வாங்குறது நானா, நீங்களா? அமைச்சர் பேசினதை எடுத்துப் பத்து இடத்துல ஒட்டுங்க, யாரையும் கேட்க வேணாம். எங்கம்மா பட்ட பாட்டை எடுக்கணும்னா என் வாசலுக்கு வந்து கேளுங்க.

அந்த நகலை எடுக்கச் சொல்லி மூணு தடவை எழுதிட்டேன். இன்னமும் அங்கேயேதான் கிடக்கு.