பட்டணத்து மேடையும் எங்கள் ஊர்க் கூத்தும்

சென்னைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதில் இயற்பியல் எவ்வளவு படித்தேன் என்பதை என் ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவார்கள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ஏழு நாடகங்கள் பார்த்தேன். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில உண்டு.

முதலில் பார்த்தது தியாகராய நகர் வாணி மகாலில் ஒரு நகைச்சுவை நாடகம். விடுதி நண்பன் எங்கிருந்தோ இரண்டு இலவச அனுமதிச் சீட்டுகள் கொண்டுவந்தான். ஏழு மணிக்குத் திரை விலகியது. ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் மத்தளத்தைக்கூட இறக்கி வைத்திருக்க மாட்டார்கள்! சந்தா கட்டிய உறுப்பினர்கள் வீடு திரும்ப வேண்டும், நடிப்பவர்களில் பலர் மறுநாள் அலுவலகம் போக வேண்டும். சபா நாடகத்தின் அளவும் சுவையும் இதற்குள் அடங்கியவை. வரவேற்பறை ஒன்று, நடுவில் ஒரு சோபா, நிமிடத்துக்கொரு சிரிப்பு. இதை ஏளனம் செய்வோர் உண்டு. நான் செய்யமாட்டேன், வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். 2019-இல் மறைந்த கிரேஸி மோகன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படிக்கும்போது கல்லூரிப் போட்டிக்காக நாடகம் எழுதித்தான் இத்துறைக்குள் வந்தார். ஆனால் விளக்கெரிந்ததும் சுற்றிப் பார்த்தேன். எங்கள் வயதினர் பத்துப் பேர்கூட இல்லை.

நகரின் இன்னொரு நாடக உலகத்தை நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கில் கண்டேன். பாரதக் கதையைத் தழுவிய நவீன நாடகம் அது. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நின்றார்கள். அதன் பின்னால் சலங்கை ஒலித்தது. வேடக்காரரின் கிரீடம் மட்டும் மேலே தெரிந்தது. கட்டியக்காரன் ‘வருவது யார்?’ என்று கேட்டான். அரங்கமே கைதட்டியது. எனக்கோ அழுகை வந்துவிட்டது.

காரணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலாண்டில், வீட்டில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டபோது, ‘சித்தப்பா கொத்தனார்’ என்றேன். அது பாதி உண்மை. ஆறு மாதம் கொத்தனார். திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் அவர்தான் துச்சாதனன். ‘கூத்தாடி வீட்டுப் பிள்ளை’ என்ற பேச்சுக்கு அஞ்சி மறைத்தேன்.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞரான அவர் பின்னர் நீதிபதியும் ஆனவர். அவரும் அவரைப் போன்ற படித்தவர்களும் அரிதாரம் பூசியதால் மேடைக்கு மதிப்பு வந்தது. பெரிய தொண்டுதான். ஆனால் பட்டம் பெற்றவர்மேல் இருந்துதான் பழிச்சொல் நீங்கியது. எங்கள் ஊர்க் களரியில் ஆடியவர்மேல் அது அப்படியே நின்றது. 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கி, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றோரின் கலையை நவீன நடிகர்களுக்குப் பாடமாக்கினார். புரிசை எங்கள் செய்யாற்றுப் பக்கத்து ஊர், மிதிவண்டியில் போய்வரலாம். அதன் பெருமையை நான் நுங்கம்பாக்கத்தில் அல்லவா தெரிந்துகொண்டேன்!

என் குறை இதுதான். இரண்டு உலகங்களிலும் நம்மைப் போன்றவர்களுக்கு இடம் தெரியவில்லை. ஓர் ஆங்கில நாடகத்துக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். அது என் தாயின் இரண்டு நாள் கூலி, திரும்பிவிட்டேன். சரி, பணம் இல்லை. நம்மிடம் இருப்பதையாவது பயன்படுத்துகிறோமா? கல்லூரி ஆண்டு விழாவில் திரைப்பாடல் ஆட்டங்களுக்கு மூன்று மணி நேரம், நாடகத்துக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலும் ஒலிவாங்கி முன் வரிசையாய் நின்று வசனம் ஒப்பித்தோம், நானும்தான். மற்ற நாட்களில் அரங்கம் பூட்டிக் கிடக்கிறது. நகரத்துச் சிறு குழுக்களோ ஒத்திகைக்கு இடமின்றி மொட்டை மாடி தேடி அலைகின்றன. மாலையில் அவர்களுக்கு நம் அரங்கைத் திறந்துவிடலாம். வாடகைக்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு நாடகம் நமக்காக நடத்தட்டும். கணக்கு சரியாகத்தானே வருகிறது? முதல்வர் ஐயா அவர்களும் பேராசிரியர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தரை துடைக்கும் வேலைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.

சித்தப்பாவைப் பற்றி இப்போது வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த திருவிழாவில் துகிலுரிதல் கூத்தைப் பார்க்க ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “பட்டணத்துப் புள்ளைங்க ராவெல்லாம் முழிச்சிருக்குமாடா?” என்று கேட்டார். எதற்கும் ஆளுக்கொரு பாய் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.