பிரம்புக்குப் பிறகு

கல்வி உரிமைச் சட்டம் 2009, மாணவரை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தன் 17-ஆவது பிரிவில் தடை செய்தது. மிகவும் தேவையான தடை. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவன் எதிர்த்துப் பேசி, ஆசிரியருக்குக் கோபம் தலைக்கேறும் அந்த ஐந்து விநாடியை எப்படிக் கடப்பது என்பதைச் சட்டம் சொல்லித் தராது. பி.எட். படிப்பில் கல்வி உளவியல் உண்டு, தேர்வுக்குப் படிக்கும் பாடமாக. குரலைத் தாழ்த்தவும், "என்னப்பா ஆச்சு?" என்று தனியே அழைத்துக் கேட்கவும் பயிற்சி வேண்டும். அந்தப் பொறுமை பிறவிக் குணம் என்று நாம் விட்டுவிடுவதுதான் பிழை.

கலிஃபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 31 கணித ஆசிரியர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. மாணவன் தவறும்போது அவன் தரப்பைக் கேட்டு, உறவு அறுந்துபோகாமல் கண்டிப்பது பற்றி அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இணையவழியில் சிறு பயிற்சி தரப்பட்டது. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. மற்ற ஆசிரியர்களின் மாணவர்களில் அந்த ஆண்டு 9.6 சதவீதம் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் மாணவர்களில் 4.8 சதவீதம். அந்தக் கணித ஆசிரியர் மட்டுமல்ல, பள்ளியில் யார் விதித்த இடைநீக்கமும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. ஒரே ஓர் ஆசிரியர் மதிப்போடு நடத்தியதன் பலன் மற்ற வகுப்பறைகளுக்கும் பரவியிருக்கிறது என்பது என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

இப்படி இளகினால் வகுப்பு தலைமேல் ஏறி உட்காரும் என்பார்கள். அந்த ஆசிரியர்களை யாரும் கண்டிப்பைக் கைவிடச் சொல்லவில்லை. வகுப்பறை ஒழுங்கை ஆராய்ந்த உளவியலாளர் ஜேக்கப் கவுனின் 1970-இல் வெளியிட்ட நூலும் இதையொட்டியதே: தவறு நடந்தபின் எப்படி அதட்டினார்கள் என்பதில் நல்ல வகுப்புக்கும் குழம்பிய வகுப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை, வகுப்பின் மூலைமுடுக்கெல்லாம் கண் வைத்திருந்தவர்களின் வகுப்பே அமைதியாக இருந்தது.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. பாடத்தோடு எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், தேர்தல் பணி என்று திணறுகிறவரிடம் பொறுமையையும் கேட்பதா? கனடாவின் வான்கூவர் பகுதியில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மனம் சோர்ந்த ஆசிரியர்களின் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் கார்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோனின் அளவு கூடுதலாக இருந்தது. யாருடைய சோர்வு யாரைத் தொற்றியது என்பதை அது நிறுவவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்பது போதும். ஆசிரியரின் சுமையைக் குறைப்பது பிள்ளைகளுக்கும் செய்யும் உதவி. பதிவேற்ற வேலைக்குத் தனி ஆள் போடுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டங்களில் சிலவற்றையாவது, சென்ற மாதம் வகுப்பில் கோபம் வந்த இடங்களை ஆசிரியர்கள் தயக்கமின்றி ஒருவருக்கொருவர் சொல்லி, வேறு விதமாக நடந்துகொண்டு பார்க்க ஒதுக்குங்கள்.