வெள்ளக் கணக்கு படித்தவருக்கு நாற்காலி எங்கே?

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தெருவில் படகு ஓடியது!

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரெயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மறுபடி வெள்ளம்.

எட்டே வருஷம். ஒரே ஊர். மூன்று அடி! கடைக்காரர் மூட்டை மூட்டையாக அரிசியைக் குப்பையில் கொட்டினார். குமாஸ்தா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். "எல்லாம் இயற்கை" என்று சொல்லிவிட்டுப் போனால் போதுமா?

மழை எவ்வளவு கொட்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்தச் சதுப்பு நிலத்தில் கட்டிடம் கட்டவிடக் கூடாது, அதற்குச் சட்டம் என்ன, செலவு என்ன? இதை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுவது ஒரு தனிப் படிப்பு. பருவநிலை மாற்றம் பற்றிய மேற்படிப்பு என்பது இதுதான். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிலையம், டெல்லியில் டெரி கல்லூரி ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று தனி மையம் இருக்கிறது.

"அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. கடன் வாங்கிப் பணம் கட்டுகிறவர் கேட்கத்தான் செய்வார்.

தனியாரிடம் வேலை இருக்கிறது. பங்குச்சந்தையில் முதல் 1,000 இடத்தில் உள்ள கம்பெனிகள் எவ்வளவு மின்சாரம் எரித்தன, எவ்வளவு தண்ணீர் இறைத்தன, எவ்வளவு புகை விட்டன என்று அறிக்கை தர வேண்டும். 2022-23 நிதியாண்டில் இருந்து செபி இதைக் கட்டாயம் ஆக்கி விட்டது. அறிக்கை எழுத ஆள் வேண்டுமே!

அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூரே சாட்சி. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூட உத்தரவு போட்டது. தொழிலாளர் வயிற்றில் அடி விழுந்தது.

சரி, கம்பெனிக்கு ஆள் கிடைத்துவிடும். வேளச்சேரிக்கு யார்?

தமிழக அரசு 2022-ல் பருவநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். மாவட்டத்தில் கலெக்டர்தான் அதன் இயக்குனர். மாவட்ட வன அதிகாரிதான் பருவநிலை அதிகாரி. கலெக்டருக்கோ பட்டா முதல் தேர்தல் வரை நூறு வேலை. வன அதிகாரிக்கு யானையும் காட்டுத்தீயும். இருக்கிற தொப்பி மேல் இன்னொரு தொப்பி! தலை ஒன்றுதானே?

2023-ல் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இளைஞர்களை மாவட்டங்களுக்கு அனுப்பிய திட்டம். ஆனால் அது கெடு வைத்த வேலை. கெடு முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாவட்டத்தில் எந்த ஏரி எங்கே உடையும் என்று ஒருவர் கற்றுக்கொள்ளவே இரண்டு மழை பார்க்க வேண்டும். கற்றதும் அனுப்பிவிட்டால் யாருக்கு லாபம்?

கொசுவுக்குச் சுகாதார ஆய்வாளர் இருக்கிறார். ரோட்டுக்கு என்ஜினீயர் இருக்கிறார். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் முழுநேர ஆள் வேண்டாமா?

38 மாவட்டங்களுக்கும் ஆளுக்கு ஒரு நிரந்தரப் பருவநிலை அலுவலர் வேண்டும். மாநகராட்சி மண்டல அலுவலகங்களிலும் வேண்டும். தேர்வாணையம் மூலம் பரீட்சை வைத்து எடுக்கட்டும். சிபாரிசு வேண்டாம். கட்டிட அனுமதிக் கோப்பில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும். அதிகாரம் இல்லாத நாற்காலி வெறும் பலகைதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "சஸ்டெய்னபிலிட்டி" என்று போர்டு மாட்டிய இடத்தில் எல்லாம் பணம் கட்டிவிடாதீர்கள். அளவெடுக்கக் கற்றுத் தருகிறார்களா, சட்டம் சொல்லித் தருகிறார்களா, போன வருஷம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் திரும்பி வாருங்கள்.

அரசுக்கு ஒரே கேள்வி. அடுத்த ஐப்பசி மழைக்குள் அந்த நாற்காலி வருமா? இல்லை, மறுபடி படகுதானா?